ஆறு தைலப் புட்டிகளும் இரண்டு முன்கைகளும்

கோயம்புத்தூரில் மணப்பெண்களுக்கு மெஹந்தி வரைவதைத் தொழிலாகக் கொண்ட என் அக்கா மகள், ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு சிறு புட்டிகளை என் மேசை மீது வரிசையாக வைத்து, "சித்தி, இதுல எது நிஜமாவே நிறம் குடுக்குது, எது வெறும் வாசனைன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றாள். கல்லூரியில் இருபது ஆண்டுகளாகக் கரிம வேதியியல் கற்பித்து வரும் எனக்கு, செடித் தைலங்களுக்கு மணம் தரும் டெர்பீன்கள் என்ற சேர்மங்கள் கரும்பலகையில் நன்கு பழக்கமானவை. ஆனால் ஒரு மெஹந்திக் கோனுக்குள் அவை என்ன செய்கின்றன என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அடுத்த ஐந்து வாரங்களில் அந்தப் புட்டிகளை எடை போட்டும், காகிதத்தில் சொட்டியும், நீரில் குலுக்கியும், கடைசியில் என் இரண்டு முன்கைகளிலும் பூசியும் பார்த்ததன் முடிவுகளை, மருதாணிக் குழைவுக்குத் தைலம் வாங்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஆறில் நான்கு, இணையத்தில் தைலம் விற்கும் ஒரு நிறுவனம் மெஹந்திக் கலைஞர்களுக்கென்றே ஒரே பெட்டியில் அனுப்பும் தொகுப்பு: 30 மி.லி. அளவில் டீ ட்ரீ 390 ரூபாய், கஜுபுட் 360 ரூபாய், லாவெண்டர் 450 ரூபாய், கிராம்புத் தைலம் 280 ரூபாய், ஆக மொத்தம் 1,480 ரூபாய். ஐந்தாவது, ஊட்டிக்குச் சுற்றுலா சென்றபோது அவள் 280 ரூபாய்க்கு வாங்கி வந்த 100 மி.லி. நீலகிரித் தைலம். ஆறாவது, கல்யாணச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் 70 ரூபாய்க்குக் கிடைத்த 15 மி.லி. புட்டி, அதன் மேல் 'மெஹந்தி ஆயில்' என்ற பெயரும், வளையல் அணிந்த ஒரு கையின் படமும் இருந்தனவே ஒழிய, உள்ளே இருப்பது எந்தச் செடியின் எண்ணெய் என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. விற்றவர்களின் பெயர்களை நான் சொல்லவில்லை. புட்டியின் மேல் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பெயர் தேவைப்படாது.

தைலத்தை மதிப்பிடுவதற்கு முன் அது எதற்கு உதவ வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். மருதாணியின் நிறமி லாசோன். வேதியியல் பெயர் 2-ஹைட்ராக்சி-1,4-நாஃப்தோகுயினோன், மூலக்கூறு நிறை ஏறத்தாழ 174. இலையில் இது பெரும்பாலும் லாசோனாகவே இருப்பதில்லை. சர்க்கரை மூலக்கூறு ஒன்றுடன் பிணைந்த ஹென்னோசைடு என்ற முன்வடிவமாக அடங்கியிருக்கிறது. பொடியில் நீரையும் சிறிது புளிப்பையும் சேர்த்து ஊற வைக்கும்போது சர்க்கரைப் பகுதி நீராற்பகுப்பில் பிரிந்து போக, மிஞ்சும் பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து லாசோனாக மாறுகிறது. குழைவின் மேற்பரப்பு மட்டும் பழுப்பேறி உள்ளே பச்சையாக இருப்பதைப் பார்த்து "கலர் விட்டுடுச்சு" என்று கலைஞர்கள் சொல்கிறார்களே, அந்தப் பழுப்பு இந்த ஆக்சிஜனேற்றத்தின் அடையாளம்தான். இப்படி விடுபட்ட லாசோன் தோலின் வெளிப்புறத்திலுள்ள உயிரற்ற செல் அடுக்குக்குள் ஊடுருவி, அங்குள்ள கெரட்டின் புரதத்துடன் பிணைகிறது. முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து, இரண்டு நாளில் செம்பழுப்பாக ஆழ்கிறது.

இந்த விவரிப்பில் தைலத்துக்கு எங்கும் இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் பாட்டி அம்மியில் பச்சை இலையையும் புளியையும் கொட்டைப்பாக்கையும் வைத்து அரைத்து, விரல் நுனிகளில் தொப்பி வைத்து, உள்ளங்கையில் வட்டமாக அப்பி, துணி சுற்றித் தூங்க வைத்த காலத்தில் எந்தத் தைலமும் இல்லாமலேயே விடியற்காலையில் கை செக்கச் சிவந்திருந்தது. பச்சை இலையில் நொதிகள் உயிரோடு இருந்தன, குழைவு தடிமனாக இருந்ததால் இரவு முழுதும் ஈரம் காயவில்லை, பூசிய இடங்களோ உடலிலேயே தடித்த தோல் கொண்டவை. கோனின் முனையிலிருந்து நூல் போல இறங்கும் கோட்டில் இந்த மூன்று வசதிகளும் கிடையாது: பொடி உலர்ந்தது, கோடு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், மணப்பெண்ணோ முழங்கை வரை கேட்கிறாள். ஈரத்தைப் பிடித்து வைக்கவும் குழைவு உதிராமல் ஒட்டியிருக்கவும் சர்க்கரை சேர்க்கிறார்கள். நீரில் எளிதில் கரையாத லாசோன் தோலுக்குள் இறங்குவதற்கு வழி செய்து கொடுக்கத் தைலம் சேர்க்கிறார்கள். ஆகவே தைலம் நிறத்தைக் கொடுப்பதில்லை, நிறத்தைக் கொண்டு சேர்க்கிறது. 'கறுத்த நிறம் தரும் தைலம்' என்று எவராவது விற்றால், வாங்கும் முன் இந்த வேறுபாட்டை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

இனி புட்டிகளுக்கு வருகிறேன். ஒரு வேதியியல் ஆசிரியைக்கு இந்த ஐந்து வாரங்களில் மிகுந்த மகிழ்ச்சி தந்தது ஒரு சிறிய உண்மை. டீ ட்ரீ தைலத்தின் முக்கியச் சேர்மம் டெர்பினென்-4-ஆல், லாவெண்டரில் லினலூல், கஜுபுட்டிலும் நீலகிரித் தைலத்திலும் 1,8-சினியோல், கஜுபுட்டில் அதற்குத் துணையாக ஆல்ஃபா-டெர்பினியால். பெயரிலும் மணத்திலும் வேறுபடும் இந்த நான்கு சேர்மங்களிலும் மூலக்கூறுக்கு 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. நான்குக்கும் மூலக்கூறு நிறை 154. அதே அணுக்கள் வேறு வேறு விதமாகக் கோக்கப்பட்டிருக்கும் மாற்றியங்கள் இவை. லினலூலில் கார்பன் சங்கிலி திறந்து கிடக்கிறது; டெர்பினென்-4-ஆலிலும் ஆல்ஃபா-டெர்பினியாலிலும் அது ஒரு வளையமாகச் சுருண்டிருக்கிறது; இந்த மூன்றிலும் ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜனைத் தன்னுடன் வைத்துக்கொண்டு ஆல்கஹாலாக இருக்கிறது. சினியோலில் மட்டும் அந்த ஆக்சிஜன் வளையத்துக்கும் அதன் பக்கக் கிளைக்கும் இடையே பாலம் போட்டுக்கொண்டு ஈதராகிவிடுகிறது.

இதைச் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெஹந்திக் கலைஞர்களிடையே 'மோனோடெர்பீன் ஆல்கஹால் (10 கார்பன் கொண்ட டெர்பீன் வகை ஆல்கஹால்) அதிகமுள்ள தைலமே நல்ல தைலம்' என்ற பேச்சு பரவலாக உள்ளது. பெட்டியுடன் வந்த கையேடும் அப்படியே சொல்லி, அந்தப் பட்டியலில் சினியோலையும் சேர்த்திருந்தது. ஆல்கஹால் என்ற சொல்லை வேதியியல் பொருளில் பயன்படுத்தினால் அது பிழை. ஆனால் நடைமுறையில் பெரிய பிழை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேல்தோலின் உயிரற்ற செல்களுக்கு இடையே செங்கற்களுக்கு நடுவில் சாந்து போல நிரம்பியிருக்கும் கொழுப்பு அடுக்குகளின் ஒழுங்கைக் கலைத்து, பிற பொருள்கள் உள்ளே செல்ல இடம் தருவதில் சினியோலும் டெர்பினியாலும் தேர்ந்தவை என்பது, தோல் வழியாக மருந்து செலுத்துவதை ஆராய்பவர்கள் நீண்ட காலமாக அறிந்த செய்தி. நடைமுறையில் தெரியும் வேறுபாடு கொதிநிலையில் இருக்கிறது. சினியோல் 176 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. லினலூல் 198, டெர்பினென்-4-ஆல் 212, ஆல்ஃபா-டெர்பினியால் ஏறத்தாழ 219. எனவே மெல்லிய கோட்டிலிருந்து முதலில் பறந்து போவது சினியோல்தான். நீலகிரித் தைலம் கலந்த கோனைச் சரியாக மூடாமல் வைத்தால் வீடே மணக்கும், கோனில் சரக்குக் குறையும்.

தூய்மையைச் சோதிக்க, ஒரு கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அளவிடும் வாயு நிறப்பிரிகைக் கருவி வேண்டும் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் வீட்டிலேயே செய்யக்கூடியவையும் சில உண்டு. நகைக் கடைகளில் பயன்படும் வகையிலான, 0.01 கிராம் வரை காட்டும் ஒரு சிறு தராசில் ஒவ்வொரு தைலத்திலும் 10 மி.லி. எடுத்து நிறுத்துப் பார்த்தேன். அன்றைய அறை வெப்பம் 28 டிகிரி. டீ ட்ரீ 8.90 கிராம், கஜுபுட் 9.10, லாவெண்டர் 8.78, நீலகிரி 9.06, கிராம்பு 10.38. தர நிர்ணய அட்டவணைகள் 20 டிகிரியில் அடர்த்தியைத் தருகின்றன. எட்டு டிகிரி கூடுதல் வெப்பத்தில் எண்ணெய் சிறிது விரிந்து எடை சற்றுக் குறையும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் ஐந்தும் தத்தமக்குரிய வரம்புக்குள் அடங்கின. கிராம்புத் தைலம் நீரைவிடக் கனமானது என்பதால் ஒரு குவளை நீரில் சொட்டினாலே மூழ்கிக் காட்டிவிடும், தராசுகூடத் தேவையில்லை. 'மெஹந்தி ஆயில்' 8.21 கிராம் மட்டுமே இருந்தது. மேற்சொன்ன எந்தத் தைலமும் எந்த விகிதத்தில் கலந்தாலும் இவ்வளவு இலேசாக இருக்க வழியில்லை. இந்த எடைக்கு இறங்க வேண்டுமானால் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் இலேசான எண்ணெய் போன்ற ஒன்று அதில் கணிசமாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

காகிதச் சோதனை அதையே உறுதிப்படுத்தியது. வடிதாளில் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு மின்விசிறிக்குத் தொலைவில் வைத்தேன். நீலகிரியும் கஜுபுட்டும் டீ ட்ரீயும் மறுநாள் காலைக்குள் தடமின்றி மறைந்தன. லாவெண்டர் இன்னும் சில மணி நேரம் எடுத்துக்கொண்டது. 250 டிகிரிக்கு மேல் கொதிக்கும் யூஜெனாலைக் கொண்ட கிராம்புத் தைலம் சில நாள்கள் இலேசான பழுப்புக் கறையாக நின்று பின் தேய்ந்தது. 'மெஹந்தி ஆயில்' விட்ட இடம் பஜ்ஜி வைத்த செய்தித்தாள் போல எண்ணெய்த் தெளிவுடன் ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தது. ஆவியாகும் எண்ணெய்க்கும் ஆவியாகாத எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைவிட எளிய சோதனை இல்லை. மூன்றாவதாக, அளவு குறித்த குழாயில் சம அளவு நீருடன் குலுக்கிப் பார்த்தேன். எரிசாராயமோ கிளைகால் வகைக் கரைப்பானோ கலந்திருந்தால் அது நீரோடு சேர்ந்துகொள்ள, மேலே நிற்கும் தைலத்தின் அளவு குறையும். ஆறிலும் அளவு குறையவில்லை. ஆறாவது புட்டிக்கு இந்தத் தேர்ச்சி நற்சான்று ஆகாது, பெட்ரோலிய எண்ணெய் எப்படியும் நீரில் கரையாது.

அடுத்தது கறைச் சோதனை. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தைச் சேர்ந்த சோஜத் ஊரின் மருதாணி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்கா மகள் வாங்குவதும் அந்தப் பொடியே. அதில் ஒரே பையிலிருந்து 20 கிராம் வீதம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 6 மி.லி. தைலம், 6 கிராம் சர்க்கரை, 56 மி.லி. நீர் என்று கலந்தோம். கலைஞர்கள் வழக்கமாக 100 கிராம் பொடிக்கு 30 மி.லி. தைலம் என்று வைக்கும் விகிதமே இது. எலுமிச்சைச் சாற்றைத் தவிர்த்தோம். அதன் புளிப்பு தோலை வறட்டும் என்பதோடு, தைலத்தின் வேலையைத் தனித்துப் பார்க்கவும் தடையாக இருக்கும். ஒன்றில் தைலமே சேர்க்காமல், அந்த அளவுக்கு நீரையே கூட்டி ஒப்பீட்டுக்காக வைத்தோம். கிராம்பைச் சேர்க்கவில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பத்து மணி நேரம் ஊறிய பின், இடது முன்கையின் உட்புறத்தில் மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஆறு சதுரங்களாகப் பூசி, ஆறு மணி நேரம் கழித்துச் சுரண்டி எடுத்து, பன்னிரண்டு மணி நேரம் நீர் படாமல் வைத்திருந்தேன். அந்த ஒரு நாள் வீட்டில் பாத்திரம் தேய்த்தது யார் என்பது இந்த மதிப்பீட்டுக்கு அப்பாற்பட்ட செய்தி.

முதல் முறை ஒரு தவறு செய்தேன். மணிக்கட்டுக்கு அருகே தோல் சற்றுத் தடிப்பாக இருப்பதால் அங்கு எதைப் பூசினாலும் கூடுதலாகவே சிவக்கும். நான் டீ ட்ரீயை அங்கே வைத்து அதற்கு அநியாயமான முன்னுரிமை தந்துவிட்டேன். ஆகவே இரண்டு வாரம் கழித்து வலது முன்கையில் வரிசையைத் தலைகீழாக்கி மீண்டும் செய்தேன். இரு கைகளையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு தெளிவாகவே இருந்தது. 48 மணி நேரத்தில் டீ ட்ரீயும் கஜுபுட்டும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாத ஆழ்ந்த செம்பழுப்பை எட்டின. லாவெண்டர் முதல் நாள் சற்றுப் பின்தங்கியிருந்து மூன்றாம் நாள் அவற்றைத் தொட்டுவிட்டது. நீலகிரி முன்கையில் அரைப் படி குறைவு. பின்னர் உள்ளங்கையில் தனியாகப் பூசிப் பார்த்தபோது அந்த வேறுபாடும் இல்லை. தைலமே சேர்க்காத சதுரம் ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் இடையில் நின்றுவிட்டது. 'மெஹந்தி ஆயில்' கலந்த சதுரம் அதற்கு இணையாகவே இருந்தது. கூடுதலாகக் கிடைத்தது விளிம்பைச் சுற்றி ஒரு நாள் நீடித்த சிவந்த தடிப்பு மட்டுமே. ஒருத்தியின் இரு கைகள் ஆய்வுச்சாலை ஆகா என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையை மாற்றிய பின்பும் மாறாத முடிவை நான் நம்புகிறேன்.

கிராம்புத் தைலத்தை ஏன் விலக்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊர்க் கலைஞர்கள் பலருக்கும் அது பிடித்தமானது. அதில் எண்பது சதவீதம் அளவுக்கு இருக்கும் யூஜெனால், மேலே சொன்ன நான்கு மாற்றியங்களின் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அது ஒரு ஃபீனால். பல் மருத்துவர் சொத்தைப் பல்லில் வைக்கும்போது மரத்துப் போகச் செய்யும் அதே பொருள், தோலில் எரிச்சலையும், மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியது. உடலில் தடவும் எண்ணெய்களில் வாசனைத் தைலத்தை 1 அல்லது 2 சதவீதமே சேர்ப்பது வழக்கம். மெஹந்திக் குழைவில் தைலத்தின் பங்கு 6 சதவீதத்தைத் தாண்டுகிறது, அதுவும் பல மணி நேரம் அசையாமல் ஒட்டியிருக்கிறது. அந்த அளவில் டீ ட்ரீயைத் தாங்கும் தோல் யூஜெனாலைத் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடுப்பில் நான்கு கிராம்பைப் போட்டு அந்தப் புகையில் கையைக் காட்டும் பழைய வழக்கத்தில் தோலைத் தொடும் யூஜெனால் மிகக் குறைவு. அந்த வழக்கத்தைக் காட்டி முப்பது மி.லி. கிராம்புத் தைலத்தை நியாயப்படுத்த முடியாது. மெஹந்திக்கென்றே தயாரித்த தொகுப்பில் இந்தப் புட்டியைச் சேர்த்தது அந்த நிறுவனத்தின் முதல் குறை. கையேட்டில் ஓர் எச்சரிக்கையாவது இருந்திருக்கலாம்.

நிறுவனத்தைப் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. நான்கு புட்டிகளிலும் செடியின் இலத்தீன் பெயர், வடித்தெடுத்த உறுப்பு, விளைந்த இடம், தொகுதி எண் ஆகியவை அச்சிடப்பட்டிருந்தன. லாவெண்டர் ஜம்மு-காஷ்மீரின் தோடா மாவட்டத்துப் பதர்வாவில் விளைந்தது. கஜுபுட் இந்தோனேசியாவிலிருந்து வந்தது, அந்தப் பெயரே 'வெள்ளை மரம்' என்று பொருள்படும் காயு பூத்தி என்ற மலாய்ச் சொல்லின் திரிபுதான். தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பியவுடன் வாயு நிறப்பிரிகை அறிக்கையும் வந்தது. டீ ட்ரீயில் டெர்பினென்-4-ஆல் 41 சதவீதம், சினியோல் 3 சதவீதம். பன்னாட்டுத் தர நிர்ணயம் முதலாவதற்கு 35 முதல் 48 வரையும் இரண்டாவதற்கு அதிகபட்சம் 10 சதவீதமும் அனுமதிப்பதால் இது நல்ல சரக்கு. ஆனால் லாவெண்டருக்கு வந்த அறிக்கையில் இருந்த தொகுதி எண்ணும் புட்டியில் இருந்த எண்ணும் வேறு வேறு. சுட்டிக் காட்டியபோது மன்னிப்புக் கேட்டுச் சரியான அறிக்கையை அனுப்பினார்கள். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று.

இரண்டாவது குறை, புட்டியின் மூடி. அம்பர் நிறக் கண்ணாடிப் புட்டி சரியான தேர்வு. அதன் தலையில் இரப்பர்க் குமிழ் வைத்த சொட்டுக் குழாயைப் பொருத்தியது தவறு. டெர்பீன்களின் ஆவி இரப்பரை ஊதிப் பிசுபிசுக்கச் செய்யும். மூன்று வாரத்தில் கஜுபுட் புட்டியின் குமிழ் கையில் ஒட்டத் தொடங்கிவிட்டது. வாயில் சொட்டுத் துளையுள்ள சாதாரணத் திருகு மூடி விலையும் குறைவு, நீடித்தும் உழைக்கும். (இதே காரணத்தால் தைலத்தைத் தெர்மகோல் கிண்ணத்தில் அளக்கக் கூடாது. ஒரு மண்டபத்தில் அவசரத்துக்கு அப்படிச் செய்து, கிண்ணத்தின் அடி கண்ணெதிரே கரைந்து தைலம் மேசை விரிப்பில் பரவியதை அக்கா மகள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.) ஊட்டித் தைலம் பிளாஸ்டிக் புட்டியில் வந்தது, வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்கு மாற்றிவிட்டோம்.

காற்றும் வெளிச்சமும் தைலத்துக்குப் பகை என்பதைப் புத்தக அறிவாக அல்லாமல் மூக்கால் அறிய ஒரு வாய்ப்பும் கிடைத்தது. அவள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் திறந்து பாதி காலியாக வைத்திருந்த ஒரு பழைய டீ ட்ரீ புட்டி, பச்சை இலையும் ஜாதிக்காயும் கலந்த தன் மணத்தை இழந்து டர்பன்டைன் வாடை அடித்தது. அந்தத் தைலத்திலுள்ள டெர்பினீன் வகைகள் ஆக்சிஜனேற்றமடைந்து பாரா-சைமீனாக மாறும். இடையில் பெராக்சைடுகளும் தோன்றும். லாவெண்டரின் லினலூலும் காற்றுப் பட்டால் ஹைட்ரோபெராக்சைடுகளைத் தரும். புதிய தைலத்தைத் தாங்கிய தோல் பழைய தைலத்தில் தடித்துப் போவதற்கு இவையே பெரும்பாலும் காரணம். எனவே 100 மி.லி. மலிவு என்று வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதைவிட 30 மி.லி. புட்டிகளாக வாங்கி, திறந்த தேதியை எழுதி ஒட்டி, குளிர்பதனப் பெட்டியில் வைப்பது மேல். டர்பன்டைன் வாடை வந்த புட்டியைத் தரை துடைக்கும் வாளியில்கூட ஊற்றாமல் அப்புறப்படுத்தச் சொன்னேன்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 100 கிராம் பொடியில் கிடைக்கும் குழைவு 25 கிராம் எடையில் ஏறத்தாழ 17 கோன்களுக்கு வரும். கோன் ஒன்றுக்கு டீ ட்ரீ 23 ரூபாய், கஜுபுட் 21, லாவெண்டர் 26 ரூபாய்க்குச் சற்று மேல், நீலகிரி 5 ரூபாய். 'மெஹந்தி ஆயில்' கணக்குப்படி 8 ரூபாய் ஆகிறது, அதாவது ஒன்றும் செய்யாத எண்ணெய்க்கு, நன்றாக வேலை செய்யும் நீலகிரித் தைலத்தைவிடக் கூடுதல் விலை. 1843இல் நீலகிரி மலையின் வெலிங்டன் அருகே ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட நீல யூகலிப்டஸ் மரங்களால் மலையின் சோலைகளும் புல்வெளிகளும் பட்ட பாட்டை நான் மறந்துவிடவில்லை. இருந்தாலும் அந்த மரத்தின் இலைத் தைலம் கைக்கெட்டும் தூரத்தில் மலிவாகக் கிடைக்கும்போது, உள்ளங்கை வேலைக்குக் கடல் கடந்து வந்த தைலத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

யாருக்கு எது என்பதில் அக்கா மகளிடம் நான் கொஞ்சம் கறாராகவே பேசினேன். சிறு குழந்தைகளின் கையில் சினியோல் மிகுந்த நீலகிரியும் கஜுபுட்டும் வேண்டாம். அந்த ஆவி குழந்தைகளின் மூச்சுக்கு ஏற்றதல்ல, மருதாணிக் கையை அவர்கள் வாயில் வைத்துக்கொள்வதும் உண்டு. சிறுமிகளுக்கு லாவெண்டரை வழக்கமான அளவில் பாதி சேர்த்தால் போதும். கைக்குழந்தைகளுக்கு மருதாணியே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை லாசோனே சிதைக்கக்கூடும், அந்தக் குறைபாடு பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிந்திருப்பதும் அரிது. கருவுற்றிருப்பவர்கள் கேட்டால் தைலமில்லாத குழைவைக் கொடுத்து, நிறம் ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் இடையிலேயே நிற்கும் என்று முன்னதாகவே சொல்லிவிடலாம். யாராக இருந்தாலும் முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்ப்பதில் ஐந்து நிமிடம்கூடச் செலவாகாது.

கடை அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் நின்று, பூசிய அரை மணி நேரத்தில் கறுப்பாகும் கோன்கள் இந்த மதிப்பீட்டின் வரம்புக்குள் வருவதில்லை. பொடியும் நீரும் சர்க்கரையும் தைலமும் மட்டுமே கொண்ட குழைவு அறை வெப்பத்தில் சில நாள்களில் வலுவிழந்துவிடும், உறைபெட்டியில் வைத்தால் மட்டுமே மாதங்கள் தாங்கும். அந்தக் கறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தலைமுடிச் சாயத்துக்கான பாரா-ஃபினிலீன்டையமின். அதைத் தோலில் வரைவது ஆண்டுகள் கடந்தும் மாறாத ஒவ்வாமையையும் கொப்புளத் தழும்பையும் தரக்கூடியது. எந்தத் தைலம் சேர்த்தாலும் லாசோன் கறுப்பாகாது.

இப்போது எங்கள் வீட்டு உறைபெட்டியின் மேல் தட்டு முழுவதும் கோன்கள். மணப்பெண்களின் முழங்கை வரையிலான வேலைக்குக் கஜுபுட், உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் நீலகிரி, சிறுமிகளுக்கு லாவெண்டர் என்று பச்சை, மஞ்சள், ஊதா நிற இரப்பர் வளையங்களைச் சுற்றிப் பிரித்து வைத்திருக்கிறாள். டீ ட்ரீ நன்றாகவே வேலை செய்தாலும் அதன் மணம் மருத்துவமனையை நினைவூட்டுகிறது என்று இரண்டு மணப்பெண்கள் முகம் சுளித்ததால் அதை மறுபடி வாங்கவில்லை. நிறுவனத்திடம் தொகுப்பாக அல்லாமல் கஜுபுட்டையும் லாவெண்டரையும் மட்டும் தனித்தனியாகக் கேட்டு, சொட்டுக் குழாய்க்குப் பதில் திருகு மூடி வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். திருகு மூடிக்குச் சம்மதித்துவிட்டார்கள். கிராம்புத் தைலத்தை என் அம்மா பல்வலிக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டார். 'மெஹந்தி ஆயில்' புட்டி என் ஆய்வகத்தில், அடர்த்தி கண்டறியும் பாடத்துக்கு மாதிரியாக நிற்கிறது.